வழுக்கைத் துத்தி

செடியின் தண்டில் ரோமம் இருந்தது. இருக்கக் கூடாது.

தற்காலிகம் லென்ஸைச் சட்டை நுனியில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். இருந்தது. பொடிப்பொடியாக, நட்சத்திரம் நட்சத்திரமாக, தண்டு முழுக்க அப்பியிருந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். அங்கே கூடுதலாகவே தெரிந்தது.

"இதுவும் சாதாதானா?" என்று கேட்டாள் மனைவி. கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸுக்கு மேல் இன்னொரு சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சாதாதான்."

"அப்ப அண்ணனுக்குப் போன் போட்டுடவா?"

அவர் செடியைத் தண்ணீர் டம்ளரில் செருகினார்.

அவருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. தாவர ஆய்வு நிலையத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தற்காலிக உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தவர், தற்காலிகமாகவே கல்யாணம் செய்து, தற்காலிகமாகவே காதோரம் நரைத்தும் போனார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. வாசல் காவலாளிகூட "தற்காலிகம் சார், உங்க சைக்கிள்ல காத்து இல்லை" என்பார். யாரும் கிண்டலாகச் சொல்வதில்லை. அதுதான் அவருக்கு வருத்தம்.

இந்த மலைப் பள்ளத்தாக்கு விடுதிக்கு அவர் வந்தது துத்திக்காக; ஊர்ப்பக்கத்து மஞ்சள் பூத் துத்தி இல்லை, ஊதாப் பூ மலைத் துத்தி. செம்பருத்தி, வெண்டை எல்லாம் இருக்கிற பெரிய குடும்பத்தில் இது ஏழைச் சொந்தம். விசிறி மாதிரி மடிப்பு விழுந்த வட்ட இலை, நுனியில் லேசாகப் பிளந்த ஐந்து ஊதா இதழ், பூவுக்கு அடியில் மூன்று குட்டி இலை, சட்டைப் பொத்தான் அளவில் சக்கரம் போல ஒரு காய். வேலியோரம், குப்பைமேடு, கோவேறு கழுதை கட்டுகிற கொட்டடி என்று எங்கே பார்த்தாலும் முளைக்கும். அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

ஆனால் நிலையத்தின் தலைவர் பார்த்திருந்தார். பெரியவர் என்றுதான் எல்லாரும் அவரைச் சொல்வார்கள். தலையில் முடியும் உத்தியோகத்தில் ஆசையும் நிறைய இருந்த வயதில் அவர் இதே பள்ளத்தாக்குக்கு வந்து, இதே விடுதியில் தங்கி, உலகத்துக்கே தெரியாத மூன்று துத்திகளைக் கண்டுபிடித்தார். அவர் எழுதிய புத்தகத்தில் மூன்றும் இருக்கின்றன. முதலாவது வழுக்கைத் துத்தி: ரோமம் அறவே கிடையாது, தண்டில் நுண்ணிய புள்ளிகள் மட்டும் காணப்படும். இரண்டாவது வெள்ளைத் துத்தி: பால் வெள்ளைப் பூ, மெல்லிய நறுமணம் உண்டு. மூன்றாவது குள்ளத் துத்தி: விரல் உயரம், ஆனால் உயரத்துக்குப் பொருந்தாத தடித்த வேர். இந்த மூன்றுதான் அவரைத் தலைவர் நாற்காலி வரை தூக்கிக்கொண்டு போயின.

காயவைத்து அட்டையில் ஒட்டிய அந்த மூன்று செடிகளையும் பிற்பாடு பூச்சி தின்றுவிட்டது. அலமாரியில் இப்போது அட்டையும் கோந்துத் தடமும்தான் மிச்சம். புதிதாகக் கொண்டுவரச் சொல்லி மேலிடம் நச்சரித்தது. பெரியவரும் அவ்வப்போது ஒரு தற்காலிக உதவியாளரை மலைக்கு அனுப்பினார். போன தடவை வந்தவர் திரும்பிப் போய், "சாதாவைத் தவிர அங்க வேற எதுவுமே இல்லை சார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அவருக்குக் கண் பத்தாது என்றார் பெரியவர். அந்த உதவியாளர் இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் வந்தவர் சொன்னதும் அதையேதான். அவர் இன்ஷூரன்ஸ் பிடிக்கிறார்.

இந்த மாதக் கடைசியில் பெரியவர் ஓய்வு பெறுகிறார். போவதற்குள் அவர் கையெழுத்துப் போட்டால் தற்காலிகம் நிரந்தரம் ஆவார். போடாவிட்டால் மச்சானின் பெயின்ட் கடை. மச்சான் நல்ல மனுஷன்தான். அதுதான் பயம். மாப்பிள்ளை வருவார் என்று சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றை வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் போட்டு, அதன் போட்டோவை வாராவாரம் தங்கைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நாற்காலியின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை.

தற்காலிகம் பள்ளத்தாக்கை அலசிவிட்டார். கொட்டடிப் பக்கம் கிடைத்தது ஆள் இடுப்பு உயரம் இருந்தது; அடியில் சாணம், அதனால் கொழுப்பு. காற்றடிக்கிற மேட்டில் கிடைத்தது சிறியதுதான், ஆனால் சாண் உயரம். ஓடையோரத்துப் பூ கொஞ்சம் வெளிறியிருந்தது, வெயில்தான் காரணம். ஒவ்வொன்றிலும் பூவுக்கு அடியில் அதே மூன்று குட்டி இலை. காயை உடைத்துப் பார்த்தால் துண்டுகளின் முதுகில் அதே வலைப்பின்னல். எல்லாம் சாதா.

விடுதிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால்தான் போனுக்கு சிக்னல் வரும். அன்று காலை அதன் மேல் ஏறியபோது உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தார். பெரியவர் எடுத்தவுடனே, "என்ன, ஒண்ணும் இல்லைதானே?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த அலட்சியம் இவருக்குச் சுருக்கென்றது. ஜெராக்ஸ் கடை கண்முன்னே வந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட நாற்காலி வந்தது.

"வழுக்கை கிடைச்சிருக்கு சார்" என்றார்.

மறுமுனையில் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று இவர் ஒற்றைக் காலைத் தூக்கி நின்று பார்த்தார்.

"கிடைச்சிருக்கா?" என்றார் பெரியவர்.

"ஆமா சார்."

"நாளைக்குக் காலைல நான் நேர்ல வரேன். வீட்டுக்காரியும் கூட வருவா."

அவர் வருவார் என்று தற்காலிகம் கனவிலும் நினைக்கவில்லை. இரண்டு நாள் தள்ளிப்போட ஒரு பொய். அவ்வளவுதான் கணக்கு.

அறைக்கு வந்தார். டம்ளரில் இருந்த துத்தியைப் பார்த்தார். முகம் கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த பழைய கண்ணாடியைப் பார்த்தார். அதன் அடியில் அவருடைய சவரப் பெட்டி இருந்தது. மனைவி வெந்நீருக்காக வெளியே போயிருந்தாள். கதவைச் சாத்தினார்.

முதலில் நுரை இல்லாமல் முயன்றார், தண்டு கீறிக்கொண்டது. பிரஷ்ஷில் சோப்பைக் குழைத்து, தண்டுக்கு ஒரு பூச்சு பூசி, மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தார். வந்தது. இலைக் காம்பு சுலபமாக இருந்தது. இலையின் அடிப்பக்கம்தான் உயிரை வாங்கியது. நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு வேலையில் முழுகியிருந்தவருக்குக் கதவு திறந்தது தெரியவில்லை.

மனைவி வெந்நீர்ச் செம்போடு நின்றாள். கணவரைப் பார்த்தாள். கழுத்துவரை நுரையோடு இருந்த செடியைப் பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?"

"ஷேவ் பண்றேன்."

"அது தெரியுது. யாருக்கு?"

அசடு வழிந்தபடி விஷயத்தைச் சொன்னார். அவள் கத்தவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு, நாலு தடவை மூச்சு விட்டாள். இது தப்பு என்றாள். தெரியும் என்றார் அவர். மாட்டிக்கொண்டால் தற்காலிகமும் போய்விடுமே என்றாள். அதுவும் தெரியும் என்றார். அவள் போனை எடுத்து அண்ணன் அனுப்பிய நாற்காலிப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "இந்தப் பக்கம் கொஞ்சம் விட்டுப்போச்சு" என்று காம்பின் இடுக்கைக் காட்டினாள்.

சவரம் செய்த செடி அரை மணியில் வாடித் தொங்கியது. தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவைக்க ஒரு வாரம் ஆகும். இருந்தது ஒரு பகல். ஆகவே இஸ்திரிப் பெட்டி வந்தது. மேஜையில் விரிக்க மெத்தென்று ஏதாவது வேண்டுமே என்று அவர் கைக்கு அகப்பட்ட கம்பளிச் சால்வையை மடித்துப் போட்டார். செடி அருமையாகக் காய்ந்தது. சால்வையில் ஒரு துத்தி இலை, நரம்பு நரம்பாக, பச்சையாகப் பதிந்துவிட்டது. அது மச்சான் தங்கைக்கு வாங்கித் தந்த சால்வை. மனைவி அதை எடுத்து உதறிப் போர்த்திக்கொண்டாள்.

மதியம் மனம் கேட்காமல் தொட்டிமேல் ஏறி, வழுக்கை கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது, வீணாக அலைய வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். பெரியவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஒன்று இருந்தால் மற்ற இரண்டும் அந்தப் பக்கமே இருக்க வேண்டும், பார்த்தீர்களா இல்லையா என்று படபடத்தார். இருபது பேர் இருக்கிற கூட்டத்திலும் குரலை உயர்த்தாத மனுஷன். தற்காலிகம் பயந்துபோய், பார்த்தேன் சார் என்று சொல்லித் தொலைத்தார். எதைப் பார்த்தார் என்று விளக்குவதற்குள் லைன் போய்விட்டது.

"மூணுமா?" என்றாள் மனைவி.

"மூணும்."

வெள்ளைக்குப் பூவை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் முக்கினார். ஊதா நிறம் போனது; கூடவே பூவும் போனது. கிண்ணத்தில் ஒரு கலங்கல்தான் மிஞ்சியது. அடுத்த பூவுக்குப் பற்பசை தடவினார். இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தீக்குச்சி மாதிரி ஆயின. கடைசியில் மனைவிதான் தன் முகப் பவுடர் டப்பாவை எடுத்துவந்து மேஜைமேல் டக்கென்று வைத்தாள். இதழுக்கு இதழ் பஞ்சால் ஒற்றி, ஊதித் தட்டியதும் பூ பால் வெள்ளையாக நின்றது. வாசனையும் வந்தது. தற்காலிகம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத் திகைத்தார். மெல்லிய நறுமணம் உண்டு என்றுதானே போட்டிருக்கிறது. தெய்வமே இறங்கிவந்து கைகொடுப்பதாக அவருக்குத் தோன்றியது.

குள்ளத்துக்கு ஒரு பெரிய செடியின் நுனியைக் கிள்ளி, இன்னொரு செடியின் வேரோடு கோந்து வைத்து ஒட்டினார். கைக்குக் கிடைத்த வேர் கொஞ்சம் தடிமன். புத்தகம் அதற்கும் இடம் கொடுத்திருந்தது. பெரியவரின் கண்ணே கண் என்று வியந்துகொண்டார். வேலையெல்லாம் முடிந்து மூன்று அட்டைகளும் மேஜையில் வரிசையாகக் கிடந்தபோது, ஒரு நிமிஷம், அவருக்கே அவை நிஜம் போலத் தெரிந்தன.

மறுநாள் காலை, வருகிறவர் முன்னால் கௌரவமாக நிற்க வேண்டுமே என்று முகச் சவரம் செய்துகொண்டார். பிளேடை மாற்ற மறந்துவிட்டார்.

முதலில் தாடை அரித்தது. பிறகு கன்னம். பெரியவரின் ஜீப் விடுதி வாசலில் வந்து நின்றபோது தற்காலிகத்தின் முகம் இரண்டு பக்கமும் உப்பி, சிவந்து, கண்கள் உள்ளே போயிருந்தன. மனைவி ஈரத்துணியை ஒற்றிப் பார்த்தாள். துணி பட்ட இடம் இன்னும் சிவந்தது.

பெரியவர் இவர் முகத்தைக் கவனிக்கவே இல்லை. "எங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார். பின்னாலேயே அவருடைய மனைவி வந்தாள். பருமனான, நிதானமான அம்மாள். தடித்த மூக்குக்கண்ணாடி. அறையை ஒரு சுற்றுப் பார்த்து, கட்டிலைத் தடவி, சுவரில் இருந்த கண்ணாடியிடம் நின்று, "இதைக்கூட மாத்தலையே" என்று சந்தோஷப்பட்டாள். கல்யாணமான புதிதில் இந்த அறையில்தான் தங்கினார்களாம். திரும்பியவள் தற்காலிகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"முகம் என்ன தம்பி இப்படி?"

"ஷேவ் பண்ணினேன்மா. ஒத்துக்கல."

"வெண்ணெய் தடவுங்க. ரெண்டு நாள்ல இறங்கிடும்" என்றாள் அந்த அம்மாள், டாக்டரைப் போல உறுதியாக. பிறகு கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பெரியவர் மேஜைக்கு முன்னால் நின்றார். குள்ளத் துத்தியைப் பார்த்தார். வேரைப் பார்த்தார். வெள்ளைத் துத்தியிடம் குனிந்தவர் மூக்கை உறிஞ்சினார். குனிந்தவர் நிமிரவே இல்லை. தற்காலிகத்தின் மனைவி இருமினாள். கடைசியில் அவர் வழுக்கைத் துத்தியிடம் வந்தார். சட்டைப் பையில் கையை விட்டு லென்ஸை எடுத்தார்.

அந்த லென்ஸுக்கு நிலையமே நடுங்கும். இலையில் இருக்கிற ஒரு பொட்டு அழுக்கை வைத்து, அது எந்த ஊர் அழுக்கு என்று சொல்லுவார் என்பார்கள். தற்காலிகத்துக்குப் பயமாக இருந்தது. அதைவிட அவமானமாக இருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் இருப்பதைச் சொன்னார், இல்லாததைச் செய்யவில்லை. பெயின்ட் கடை அப்படி ஒன்றும் மோசமில்லை. நாற்காலிக்குச் சக்கரம் வேறு இருக்கிறது.

"சார், ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தார்.

"இருங்க. இது எங்க கிடைச்சுது?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வெளியே வந்தது வேறொன்று. "ஓடைக்கு மேல, பாறை இடுக்குல சார். நீங்க எழுதியிருக்கிற அதே இடம்."

"நான் எழுதியிருக்கிற இடத்துலயேவா?"

"ஆமா சார்."

பெரியவர் பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. தொலைந்துபோய்க் கிடைத்த பிள்ளையைப் பார்க்கிற தகப்பன் மாதிரி அட்டையைப் பார்த்தார். லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோனார். கை நின்றது. மெள்ள இறக்கி, உறையில் போட்டு, பையில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம்" என்றார். "உங்க கண்ணை நம்பறேன்."

பெட்டியிலிருந்து உத்தரவுத் தாளை எடுத்தார். பேனா மூடியைத் திருகினார். கையெழுத்தைப் போட்டு, தேதியும் போட்டு, தாளை இவர் பக்கம் நகர்த்தினார். "இனிமே நீங்க நிரந்தரம். இந்த மூணையும் பூச்சி அரிக்காம பாத்துக்குங்க. யாரும் ரொம்பத் தொட்டுப் பாக்க விடாதீங்க."

தற்காலிகம் தாளைக் கையில் வாங்கினார். இத்தனை வருஷமாக இந்த நிமிஷத்தில் துள்ளிக் குதிப்போம் என்றுதான் நினைத்திருந்தார். முகம் வீங்கியிருந்ததால் சிரிப்பது வலித்தது, சிரிக்கவும் தோன்றவில்லை. பச்சை இலை பதிந்த சால்வையைப் போர்த்திக்கொண்டு மனைவி சுவரோரம் தரையைப் பார்த்து நின்றாள். எப்படித் தப்பினோம் என்று இருவருக்குமே விளங்கவில்லை.

கட்டிலில் இருந்த அம்மாள் மெதுவாக எழுந்து மேஜைக்கு வந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வழுக்கைத் துத்தியின் தண்டை ஆள்காட்டி விரலால் மேலிருந்து கீழே ஒருமுறை வருடினாள். வழவழவென்று இருந்தது. அவள் முகம் மலர்ந்துபோயிற்று. கணவர் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா, நிஜமாவே இப்படி ஒரு செடி இருக்கு. அன்னைக்கு முகமெல்லாம் வீங்கற அளவுக்கு, இந்தக் கண்ணாடி முன்னாடி நின்னு நீங்க சாதாவைச் சவரம் பண்ணியிருக்கவே வேண்டாம்."